ஒரு பெட்டி, இரண்டு ரிமோட்

எங்கள் தெரு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. போன வாரம் வரை இந்தத் தொடருக்கு வந்தவர்களுக்கு இது தெரியும். புதிதாக வருகிறவர்கள் குழியில் விழுந்துவிடக் கூடாதே என்பதற்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தெருவைப் பிளந்தது, ஃபைபரில் இன்டர்நெட்டும் டிவியும் கொடுக்க வந்திருக்கும் கம்பெனி. என்னையும் என் அண்ணனையும் பிளந்தது, தண்ணீர் மோட்டார்.

வீடு ஒன்று, தளம் இரண்டு. கீழே அண்ணனும் அண்ணியும். மேலே நான், மனைவி, மகள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, அண்ணன் வெயிலில் காயப் போட்டிருந்த மெத்தைகள் மேல் அருவியாகக் கொட்டியது. "மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டே" என்றார் அண்ணன். "நான் தொடவே இல்லை, நீங்கதான் போட்டிருப்பீங்க" என்றேன் நான். ஸ்விட்ச் பின்பக்கச் சுவரில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. அது தானாகத் தட்டிக்கொள்ளாது என்ற ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து. அன்றோடு பேச்சு நின்றது. மெத்தைகள் எப்போதோ காய்ந்துவிட்டன.

பேசாமல் இருப்பது எனக்குச் சுலபமான காரியம் இல்லை. நான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவன். நாள் முழுக்கப் பேசினால்தான் உயிரோடு வீடு திரும்ப முடியும்.

அந்த வியாழக்கிழமை காலை, மகள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அப்பா, இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். நாளைக்குக் குழியை மூடிட்டு அடுத்த தெருவுக்குப் போயிடுவாங்க."

"யோசிக்கலாம்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"யோசனைன்னா உடனே வந்துடுமா? மெதுவாத்தான் வரும்."

"நம்ம நெட் மாதிரியா?"

என் மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தாள். துணி தைத்துக் கொடுப்பது அவள் தொழில். என்னைப் பிரித்துப் போடுவது பொழுதுபோக்கு.

"வேகம் ரொம்ப அதிகமானா கண்ணுக்குக் கெடுதல்னு பேப்பர்ல போட்டிருந்தான்" என்றேன்.

"எந்தப் பேப்பர்ல?" என்றாள் மனைவி.

"பழைய பேப்பர்ல."

மகள் சிரிக்கவில்லை. அதில்தான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

அவளுடைய வேலை அப்படி. காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் சொல்வதை இவள் வீட்டிலிருந்தே திரையில் சைகை மொழியில் சொல்லுவாள். அவர்கள் கையால் சொல்வதை டாக்டருக்கு வாயால் சொல்லுவாள். எல்லாம் படம்தான். குரல் அறுந்தால் நாம் 'ஹலோ ஹலோ' என்று கத்திச் சமாளிப்போம். கை பாதியில் உறைந்து நின்றுவிட்டால் என்ன செய்வது? பாதிச் சைகை என்பது பல நேரம் வேறொரு வார்த்தை. இரண்டு தடவை அப்படி நின்றுவிட்டது. இன்னொரு தடவை நின்றால் ஆஸ்பத்திரி அழைப்புகளை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவோம் என்று அவள் ஏஜென்சி எழுதிவிட்டது.

"அப்பாவுக்கு என்ன கஷ்டம்னு எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்து. "மீன் பாக்க முடியாம போயிடும்."

"யாருக்கு? எனக்கா?"

"பின்ன எனக்கா?"

நான் கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டில் தோற்றுக்கொண்டிருக்கும்போது வேலைக்குப் போவது எவ்வளவு நிம்மதி என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

மீன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் கேபிள் பெட்டி ஒன்றுதான். அது கீழே அண்ணன் ஹாலில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் படிக்கட்டுச் சுவரில் பதித்த குழாய் வழியாக மேலே வந்து என் டிவியில் சேர்கிறது. கீழே என்ன ஓடுகிறதோ அதுதான் மேலேயும் ஓடும். என் டிவிக்கு அடியில் பொத்தான் அளவு ஒரு சின்னக் கண் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து ரிமோட்டை அழுத்தினால் கீழே இருக்கிற பெட்டி கேட்கும். ஆக ஒரு பெட்டி, இரண்டு ரிமோட். பேச்சுவார்த்தை இருந்த காலத்தில் அண்ணன் செய்து கொடுத்த ஏற்பாடு. அவர் லிஃப்ட் மெக்கானிக். மேலே ஒரு பொத்தான் கீழே ஒரு பொத்தான் என்பது அவருக்குப் பழகிய விஷயம்.

பேச்சு நின்ற பிறகு இந்த ஒயர் ஒன்றுதான் மிச்சம்.

காலையில் என் டிவி தானாகப் பாட்டுக்கு மாறினால் அண்ணன் எழுந்துவிட்டார். மத்தியானம் நின்ற இடத்திலேயே நின்றால் தூங்குகிறார். ஒரு நாள் பொழுது விடிந்து வெயில் ஏறியும் சேனல் மாறவில்லை. மனைவியைக் காலி டப்பாவோடு கீழே அனுப்பினேன். அண்ணனுக்குக் காய்ச்சல் என்று வந்து சொன்னாள். "டப்பா எதுக்குன்னு அக்கா கேட்டாங்க, முழிச்சேன்" என்றாள்.

இரவுச் செய்தி முடிந்ததும் அதே சேனலில் ஆழ்கடல் மீன்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வரும். அண்ணன் அதை விரும்பிப் பார்க்கிறார். எனக்கு மீன் என்றால் தட்டில் கூடப் பிடிக்காது. ஆனாலும் நான் மாற்றுவதில்லை. எட்டு மாதமாகப் பார்க்கிறேன். தலையில் விளக்கு கட்டிக்கொண்டு இருட்டில் அலைகிற மீன், எலும்பே இல்லாத மீன், வாயைத் திறந்தபடியே வாழ்க்கை நடத்துகிற மீன். கடைசி மீன் என் உறவு முறை. மீன் முடிந்ததும் நான் நகைச்சுவைச் சேனலுக்கு மாற்றுவேன். அண்ணன் அதை மாற்றுவதில்லை.

இப்போது மகளுக்காகப் பெட்டியை மாற்றினால், ஒயரும் போகும். கீழே காய்ச்சல் வந்தாலும் எனக்குத் தெரியாது. இதை ரொட்டி தின்கிற நேரத்தில் யாரிடம் சொல்வது? பழைய பேப்பர் மேல் பழியைப் போட்டேன்.

*

அன்று காலை முதல் மாணவி ஒரு பல் டாக்டர். நடுங்குகிற நோயாளியின் வாய்க்குள் ஊசி போடுகிறவர், ரவுண்டானாவைக் கண்டால் நடுங்குவார். என் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அந்த பிரேக்தான் என் ஆயுள்.

ரவுண்டானாவில் ஒரு லாரி குறுக்கே வந்தது. கார் நின்றது.

"சார், இப்போ பிரேக் போட்டது நானா, நீங்களா?"

"ரெண்டு பேரும்தான்."

இது தொழில் ரகசியம். நான்தான் போட்டேன் என்று சொன்னால் அவர்களுக்குத் தைரியம் போய்விடும். நீங்கள்தான் போட்டீர்கள் என்று சொன்னால் எனக்குத் தைரியம் போய்விடும்.

"உங்க கிளினிக்ல என்ன கனெக்‌ஷன் டாக்டர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஃபைபர் போட்டு ஒரு வருஷம் ஆச்சு. வெயிட்டிங் ஹால் டிவியில படம் அவ்வளவு தெளிவு சார். செய்தி வாசிக்கிறவருக்குக் கடைவாய்ப் பல்லுல ஓட்டை இருக்கறது வரைக்கும் தெரியுது."

"அது நல்லதா?"

"அவருக்கு நல்லதில்லை. எனக்கு ஒண்ணும் மோசமில்லை" என்றார். அப்படியே ரவுண்டானாவை முழுசாகச் சுற்றி வந்துவிட்டார். பேசிக்கொண்டே ஓட்டியதில் பயப்பட மறந்துவிட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

*

சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஏணி சாய்த்திருந்தது. ஃபைபர் கம்பெனிப் பெண், இடுப்பில் கருவிப் பையோடு படிக்கட்டுச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னும் சரின்னு சொல்லலையேம்மா."

"சொல்ல வேண்டாம் சார், சும்மா பாத்து வெச்சுக்கறேன். இந்தக் குழாய்க்குள்ள ஓடற கறுப்பு ஒயர் என்ன சார்?"

"அது குடும்ப விஷயம்."

"இதை உருவினாத்தான் புதுசு போகும். வேற வழி இல்லை. குழாய் சிமெண்ட்ல புதைஞ்சிருக்கு. பழைய ஒயரோட வால்ல புது ஒயரைக் கட்டி, மேலேர்ந்து இழுத்தா இது வெளியே வரும், அது உள்ளே போகும்."

"ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாதா?"

"இடம் பத்தாது சார். இன்னொண்ணு, கீழ் வீட்டு முன்சுவர்ல ஒரு துளை போடணும். அவங்க சம்மதம் வேணும். நாலு மணிக்கு மெஷின் வண்டி கிளம்பிடும். பேசிட்டுச் சொல்றீங்களா?"

பேசிட்டு! எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

மேலே போனேன். மகள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அழைப்பு நடந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு பக்கம் டாக்டர், இன்னொரு பக்கம் என் வயசில் ஒரு அம்மாள். டாக்டர் ஏதோ ஸ்கேன் முடிவைச் சொல்லத் தொடங்கியிருந்தார். மகளின் கைகள் பேசிக்கொண்டிருந்தன. அந்தக் கைகளைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும். சின்ன வயசில் சாப்பிடும்போது கையை ஆட்டாதே என்று திட்டியிருக்கிறேன்.

படம் நின்றது.

அந்த அம்மாளின் முகம் கேள்வியோடு அப்படியே உறைந்துவிட்டது. கண்கள் அகல விரிந்து, கை பாதி தூக்கியபடி. மகளின் கைகள் மட்டும் காற்றில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் மேஜை மேல் இறங்கின. அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. படம் திரும்பி வந்தபோது அந்த அம்மாள் அழுதுகொண்டிருந்தார்.

"நல்ல செய்திதான்ப்பா" என்றாள் மகள், முடித்து வெளியே வந்து. "கட்டியெல்லாம் ஒண்ணுமில்லைன்னுதான் டாக்டர் சொன்னாரு. 'இல்லை'ங்கறதுக்கு முன்னாடி நின்னு போச்சு. அவங்களுக்கு 'கட்டி' மட்டும்தான் போய்ச் சேர்ந்துது."

"ஏஜென்சிக்குத் தெரியுமா?"

"நான்தான் எழுதணும். பொய் எழுத முடியாதுல்ல."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை என்று தெரிந்தது. நான் மனைவியைப் பார்த்தேன்.

"நீ கொஞ்சம் கீழே போய் அண்ணிகிட்ட..."

"நான் துணி தைக்கறவ. நீங்க தைச்சு வெச்சிருக்கற வாயைப் பிரிக்கறது என் வேலை இல்லை. நீங்களே போங்க."

போனேன். எட்டு மாதத்தில் அந்தப் படிகளில் வாசலுக்குத்தான் இறங்கியிருக்கிறேன். அண்ணன் கதவுப் பக்கம் திரும்பியதில்லை.

*

கதவைத் திறந்தது அண்ணி. "வாங்க தம்பி" என்றார், நேற்றுதான் வந்துவிட்டுப் போனவனைக் கூப்பிடுகிற மாதிரி. அண்ணிக்கு எங்கள் சண்டையில் ஒருபோதும் நம்பிக்கை இருந்ததில்லை.

அண்ணன் டிவிக்கு முன்னால். திரையில் மீன். முந்தின இரவு வந்ததையே பகலில் மறுபடி போடுகிறார்கள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அண்ணியிடம் கேட்டார். "என்னவாம்?"

நானும் அண்ணியிடம் சொன்னேன். "ஃபைபர் போடப் போறோம். முன்சுவர்ல ஒரு துளை போடணுமாம். அண்ணன் சம்மதம் வேணுமாம்."

"துளைதானே? போட்டுக்கச் சொல்லு."

"படிக்கட்டுக் குழாய்ல இருக்கற ஒயரையும் உருவணுமாம் அண்ணி."

அண்ணன் டிவி சத்தத்தை நிறுத்தினார்.

"அதை உருவினா மேலே படம் வராதேன்னு கேளு."

"தனிப் பெட்டி வருமாம்."

"ஓ" என்றார் அண்ணன். "தனியாவா."

திரையில் விளக்கு மீன் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பிறகு ரிமோட்டைப் பக்கத்தில் வைத்தார். "அவனுக்கு வசதின்னா பண்ணிக்கட்டும். நான் யாரு தடுக்க?"

இந்த 'நான் யாரு' இருக்கிறதே, எங்கள் குடும்பத்தில் அது மெத்தை மேல் கொட்டிய தண்ணீரை விடக் கனமானது.

"எனக்கு வசதிக்கு இல்லை அண்ணி" என்றேன். "பாப்பா வேலைக்கு." அந்த அம்மாளின் முகம் உறைந்து நின்றதைச் சொன்னேன். டாக்டரின் 'இல்லை' போய்ச் சேராததைச் சொன்னேன். ஏஜென்சி எழுதியதைச் சொன்னேன். எப்போதும் நடுவில் ஒரு ஜோக் போடுகிறவன், அன்று போடவில்லை. வரவில்லை.

அண்ணன் முகம் மாறியது. "பாப்பாவுக்கா? ஏன் இதை என்கிட்ட ஒருத்தரும் சொல்லலை?"

"நீங்கதான் பேசறதில்லையே" என்றார் அண்ணி. "சொல்றதுக்குக் காது வேணும்ல? ஒண்ணு மட்டும் சொல்றேன் தம்பி, தனிப் பெட்டி வந்தா முதல்ல சந்தோஷப்படப் போறது நான்தான். இந்த மீனைப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு. எட்டு மாசமா ஒரு சீரியல் பாத்திருப்பேனா? மாத்துங்கன்னா, 'மேலே அவன் பாக்குறான், விடு'ன்னு கையைப் பிடிச்சுக்கறாரு."

நான் அண்ணியைப் பார்த்தேன்.

"நானா? நான் எங்கே பாக்கறேன்?"

"நீ பாக்கலையா?" என்றார் அண்ணன்.

"நீங்க பாக்கறீங்கன்னுல்ல நான் மாத்தாம விட்டேன்!"

"எனக்கு எதுக்குடா மீன்? செய்தி முடிஞ்சதும் எழுந்து போய்ப் படுக்கறவன் நான். நீ ஆசையாப் பாக்கறேன்னு நினைச்சு, முடியற வரைக்கும் இங்கேயே உக்காந்திருக்கேன். நடுவுல அணைச்சா உனக்குப் போயிடுமே!"

"எனக்கு மீனே பிடிக்காது அண்ணே!"

"சின்ன வயசுல தொட்டி வெச்சு வளத்தியே?"

"அது நீங்க வளத்தது!"

அண்ணி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நேராகப் பேசிவிட்டோம். மீனைச் சாட்சியாக வைத்து.

இரண்டு பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டோம். ஆனால் ஒரு தடவை வாயை விட்டு வெளியே வந்ததைத் திருப்பி உள்ளே தள்ள முடியுமா?

அண்ணி விடவில்லை. "இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. நீங்க வீடு வர லேட்டானா மீன் முடிஞ்சும் சேனல் மாறாது. இவரு வாசலுக்கும் ஹாலுக்கும் நடப்பாரு. காமெடிக்கு மாறினப்புறம்தான் படுக்கப் போவாரு."

"நீ சும்மா இருக்க மாட்டே?" என்றார் அண்ணன். காது நுனி சிவந்திருந்தது.

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "மணி நாலாகப் போகுது" என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அண்ணன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "துளையை அவங்க இஷ்டத்துக்குப் போட விடாதே. ஜன்னலுக்கு வலது பக்கம் தண்ணிக் குழாய் ஓடுது. நான் இடம் காட்டறேன்."

*

ஃபைபர் பெண் அண்ணன் காட்டிய இடத்தில் துளை போட்டாள். புது ஒயரை உள்ளே கொண்டுவந்து, பழைய கறுப்பு ஒயரின் வாலில் நாடாவால் இறுக்கிக் கட்டினாள்.

"மேலே ஒருத்தர் இழுக்கணும். கீழே ஒருத்தர் மடங்காம ஊட்டி விடணும். நான் வாசல்ல சுருளைப் பிரிச்சு விடறேன். புதுசு உள்ளே கண்ணாடி சார், மடங்கினா போச்சு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே பண்ணுங்க."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். அண்ணி அடுப்பைப் பார்க்கப் போனார். என் மனைவியைக் காணவே காணோம். இரண்டு பேரும் வேண்டுமென்றே நழுவினார்கள் என்று இன்றைக்கும் நான் சந்தேகப்படுகிறேன்.

மேலே குழாய் வாயில் நான். கீழே குழாய் வாயில் அவர். நடுவில் படிக்கட்டு வளைவு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

இழுத்தேன். வரவில்லை.

கீழேயிருந்து தொண்டையைச் செருமும் சத்தம். "ம்... இழுக்கலாம்."

இழுத்தேன். ஒரு முழம் வந்தது. நின்றது.

"கொஞ்சம் விடணும்" என்றேன் சுவரைப் பார்த்து.

"விட்டாச்சு."

"சிக்குது."

"வளைவுல சிக்கும். பின்னால தள்ளி இழுக்கணும்."

யாரை யார் கூப்பிடுகிறோம் என்று யாருக்கும் தெரியாத தமிழில் இப்படியே பாதி ஒயர் வந்துவிட்டது. பிறகு எனக்கு அவசரம். கொஞ்சம் பலமாகப் பிடித்து வெட்டி இழுத்தேன்.

"மெதுவாடா! கண்ணாடிடா உள்ளே! மாடு கயித்தை இழுக்கற மாதிரி இழுக்கறான் பாரு!"

நான் நின்றுவிட்டேன். ஒயரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். திட்டு வாங்கி இவ்வளவு நாளாகிவிட்டதா?

"என்னடா, இருக்கியா?" என்றது கீழே குரல்.

"இருக்கேன் அண்ணே."

"பின்ன இழு."

இழுத்தேன். கறுப்பு ஒயர் தூசியும் சிமெண்ட்டுமாக வெளியே வந்து என் காலடியில் சுருண்டு விழுந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, நூல் மாதிரி மெல்லிசாக, வெள்ளையாக, புதுசு எட்டிப் பார்த்தது. இதற்குள்ளா அவ்வளவும் போகும் என்று இருந்தது.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

கீழே அண்ணன் வாசல் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது. "எங்க வீட்டுக்கும் ஒரு பெட்டி வெச்சிடும்மா. அவன் மட்டும் தெளிவாப் பாக்கணுமா என்ன?"

*

மாலை மகளுக்கு ஓர் அழைப்பு வந்தது. கதவிடுக்கில் பார்த்தேன். திரையில் ஒரு பெரியவரின் விரல்கள், நகத்து அழுக்கு வரைக்கும் தெரிந்தது. படம் நிற்கவில்லை. முடிந்ததும் மகள் இரண்டு கைகளையும் என் பக்கம் தூக்கி விரல்களை ஆட்டினாள். சைகை மொழியில் அது கைதட்டல். எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை. நானும் ஆட்டினேன்.

"ஏஜென்சிக்கு நடந்ததை எழுதிட்டேன்" என்றாள். "புது லைன் போட்டதையும் எழுதிட்டேன். பாக்கலாம்ப்பா."

இரவுச் செய்தி முடிந்தது. புது ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எண்ண முடியாத அளவு சேனல். எல்லாம் என் இஷ்டம். எதற்கு மாற்றினாலும் யாருக்கும் எதுவும் ஆகாது. கீழே என்ன ஓடுகிறது என்று தெரியாது. டிவிக்கு அடியில் அந்தச் சின்னக் கண் இருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது.

"காமெடி போடுங்களேன், இனிமே மீன் இல்லையே" என்றாள் மனைவி.

"போடறேன் இரு."

மீன் தொடங்கியது. அந்தக் கனத்த குரல் கடலுக்குள் இறங்கியது. விரலைப் பொத்தான் மேல் வைத்தபோது என்னவோ வித்தியாசமாகக் கேட்டது. குரலுக்குப் பின்னாலேயே இன்னொரு குரல், எதிரொலி மாதிரி. டிவி சத்தத்தை நிறுத்தினேன். எதிரொலி நிற்கவில்லை. ஜன்னல் வழியாக, கீழேயிருந்து, விளக்கு மீனைப் பற்றி அதே குரல் சொல்லிக்கொண்டிருந்தது. இங்கே வந்த பிறகு ஒரு மூச்சு தள்ளி அங்கே வருகிறது.

அண்ணியின் குரலும் கேட்டது. "மறுபடியும் மீனா? உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"கொஞ்சம் இரு. அந்தக் குட்டி மீனுக்கு என்ன ஆச்சுன்னு பாத்துடறேன்" என்றார் அண்ணன்.

நான் சத்தத்தைத் திரும்ப வைத்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

குட்டி மீன் பாறையிடுக்கிலிருந்து தலையை நீட்டிய நேரம், மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

முதலில் படத்தில் என்று நினைத்தேன். இவ்வளவு தெளிவா என்று வியக்கக்கூடச் செய்தேன். பிறகுதான் ஜன்னல் கம்பி நனைவதைப் பார்த்தேன்.

படிக்கட்டுக்கு ஓடினேன். என் பின்னால் மனைவி. ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடி மகள். கீழே கதவைத் திறந்துகொண்டு அண்ணன். அவர் தோளுக்குப் பின்னால் அண்ணி.

"மோட்டாரைப் போட்டுட்டியாடா?" என்றார் அண்ணன்.

"நான் இல்லை அண்ணே. டிவி முன்னாடிதான் இருந்தேன். நீங்க?"

"நானும்தான்."

அவர் அண்ணியைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் அந்தப் படிக்கட்டில்தான் நின்றுகொண்டிருந்தோம். பின்பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ அன்னிக்கும்..." என்று ஆரம்பித்தார் அண்ணன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எட்டு மாதமும் இருந்தது, நனைந்த மெத்தைகளும் இருந்தன.

அப்போது மோட்டார் நின்றது. ஸ்விட்சைத் தட்டும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

பின்பக்கக் கதவின் கொக்கி மெல்லக் கிலுங்கியது.

அண்ணன் எனக்குக் கையை நீட்டினார், படியிலிருந்து இறங்கப் பிடித்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி.

"டார்ச்சை எடுத்துட்டு வாடா" என்றார் தணிந்த குரலில். "சத்தம் போடாம வா."